எங்க தெருவுல வந்து அளந்துட்டுப் போறாங்களே, அதனால எங்களுக்கு என்ன பயன்?

வேலூர் கஸ்பா பக்கம் வசிக்கும் ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருப்பது இது: "அண்ணா, எங்க தெருவுக்கு ஆராய்ச்சிக்காரங்க வந்து அக்கா குழந்தையோட எடை, உயரம் எல்லாம் எடுத்துட்டுப் போறாங்க. பாட்டியை உட்கார வெச்சு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாங்க. அம்மா சின்ன வயசுல இருந்தப்பவும் இப்படித்தான் வந்தாங்களாம். இதனால எங்களுக்கு என்ன பயன்? அரசாங்கம் ஏதாவது செய்யறதுக்கு இந்தக் கணக்கெல்லாம் நிஜமாவே உதவுதா? அந்த வேலைக்கு நான் போகலாமா?"

பயன் இருக்கிறது, தம்பி. ஆனால் அது தாமதமாக வருகிறது. சில சமயம் அளக்கப்பட்ட குழந்தைக்கு வராமல், அந்தக் குழந்தை வளர்ந்து பெறும் குழந்தைக்கு வருகிறது. பல சமயம் உங்கள் தெருவில் எடுத்த கணக்கு டெல்லிக்குப் போய், நாடு முழுக்கச் சுற்றி, கடைசியில் அங்கன்வாடியில் போடும் ஒரு சொட்டு மருந்தாகத் திரும்புகிறது. அது உங்கள் தெருவில் இருந்து கிளம்பியது என்று சொல்ல அங்கே யாரும் இருப்பதில்லை. என்னைக் கேட்டால் இந்த ஆய்வுகளின் பெரிய குறையே அதுதான். முதலில் இங்கே நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் குறைக்கு வருகிறேன்.

ஒரு மனிதனைப் பிறப்பிலிருந்து முதுமை வரை பின்தொடர்ந்து, எந்த வயதில் அவனுக்குக் கிடைத்த எது பிற்காலத்தில் அவனை நன்றாக வாழ வைத்தது என்று பார்க்கும் ஆய்வுகள் உலகில் மிகச் சில ஊர்களில்தான் நடந்திருக்கின்றன. இங்கிலாந்தில் 1946இல் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை இன்றுவரை தொடர்கிறார்கள். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்கிறார்கள். அந்த வரிசையில் நம் வேலூரும் இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் உயிரியல் புள்ளியியல் துறை 1969இல் வேலூர் நகரத்திலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் ஏறக்குறைய 20 ஆயிரம் மணமான பெண்களைக் கணக்கெடுத்து, அவர்களுக்கு 1973 வரை பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பதிவு செய்தது. அப்போது இது ஒன்றுபட்ட வட ஆர்க்காடு மாவட்டம். திருவண்ணாமலை பிரிந்தது 1989இல், ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தது 2019இல்.

தொடங்கியபோது அவர்கள் மனதில் இருந்த கேள்வியே வேறு. நம் பக்கம் அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் முடிப்பது அன்றைக்கு ரொம்பச் சாதாரணம். அப்படிப் பல தலைமுறையாக நடந்தால் கருச்சிதைவும் குழந்தை இறப்பும் கூடுமா என்பது அந்த நாளைய கேள்விகளில் ஒன்று. சர்க்கரை நோயைப் பற்றி அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். எழுபதுகளில் இந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கு இருந்த ஆபத்து பட்டினியும் பேதியும்தான். ஆனாலும் பிறந்த குழந்தையின் எடை, நீளம், தலைச் சுற்றளவு, அம்மா அப்பாவின் உயரம், எடை எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். பிள்ளைகள் பள்ளி வயதை எட்டியபோது மறுபடி அளந்தார்கள், பதின்வயதில் இன்னொரு தடவை. அப்புறம் அந்தக் காகிதங்கள் பல வருடம் அலமாரியில் இருந்தன.

தொண்ணூறுகளில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர், பிறக்கும்போது எடை குறைவாக இருந்தவர்களுக்கு நடுவயதில் இதய நோயும் சர்க்கரையும் அதிகம் வருகின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை நம் நாட்டில் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் முப்பது வருடத்துக்கு முந்தைய பிறப்பு எடை வேண்டும். அது அலமாரியில் இருந்தது. 1998 முதல் 2002 வரை பழைய விலாசங்களை வைத்துக்கொண்டு தேடினார்கள். 26 முதல் 32 வயதில் இருந்த 2,218 பேரைக் கண்டுபிடித்து ரத்தப் பரிசோதனை செய்தார்கள். நாற்பதைத் தாண்டியபோது அவர்களில் ஒரு பகுதியினரை மறுபடியும் பார்த்தார்கள்.

என்ன தெரிந்தது? டெல்லியிலும் 1969–72இல் பிறந்த பிள்ளைகளை இதே மாதிரி தொடர்ந்திருந்தார்கள். அதன் முடிவு 2004இல் வந்தது. சிறு வயதில் குண்டாக இருந்தவர்களுக்குத்தான் சர்க்கரை வரும் என்று எல்லோரும் நினைப்போம். அங்கே தெரிந்தது அதற்கு நேர்மாறு. முதல் இரண்டு வயது வரை மெலிந்து இருந்து, பிறகு வேகமாக எடை போட்டவர்களுக்கே முப்பதை ஒட்டிய வயதில் சர்க்கரைக் கோளாறு அதிகம். வேலூரிலும் அதே போக்குதான்: பிள்ளைப் பருவத்தில் மெலிவு, பதின்வயதுக்குப் பின் திடீர் எடை, அப்புறம் சர்க்கரை.

இதில் கொள்கைக்கு என்ன இருக்கிறது என்றால், நிறையவே இருக்கிறது. ஐம்பது வயதில் ஒருவருக்குச் சர்க்கரை வந்தால் "சோறு அதிகம் சாப்பிட்டார், நடக்கவில்லை" என்று அவர் தலையில் பழியைப் போட்டுவிடுவோம். ஆனால் அந்த உடம்பு எப்படி இருக்கும் என்பதில் ஒரு பங்கு அவர் அம்மா வயிற்றில் இருந்தபோதே முடிவாகிவிட்டது. அந்த அம்மா நாற்று நட்டு, களை பறித்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டவர். ஆக, சர்க்கரை நோய்க்கான கொள்கை நீரிழிவு மருத்துவமனையில் தொடங்குவதில்லை, கர்ப்பிணிக்குக் கிடைக்கும் உணவில் தொடங்குகிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, அங்கன்வாடி சத்துமாவு, கருவில் தொடங்கி இரண்டு வயது வரையிலான "முதல் ஆயிரம் நாள்" என்ற பேச்சு, இவற்றுக்கெல்லாம் இப்படிப்பட்ட ஆய்வுகளும் அறிவியல் நியாயம் தருகின்றன. ஏற்கெனவே மெலிந்து பிறந்து வளர்ந்துவிட்ட தலைமுறைக்கு என்ன செய்வது? அதற்குத்தான் சீக்கிரமே பரிசோதிப்பதும், வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோவதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் செய்வது அந்த வேலை. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் தெருவுக்கு வரும் பெண்ணையும், அக்கா குழந்தையை அளக்க வரும் பெண்ணையும் நான் ஒரே வேலையின் இரண்டு முனைகளாகத்தான் பார்க்கிறேன்.

அளப்பது என்றால் சும்மா இல்லை, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை நிற்க வைத்து அளக்கக் கூடாது, பலகையில் படுக்க வைத்துத்தான் நீளம் எடுக்க வேண்டும். ஒருவர் தலையைப் பிடித்து மேல்பலகையில் ஒட்ட வைக்க வேண்டும், குழந்தையின் கண் நேராக மேலே பார்க்க வேண்டும். இன்னொருவர் முழங்காலை மெதுவாக அழுத்திக் கால் பாதத்தில் நகரும் பலகையைச் சேர்க்க வேண்டும். குழந்தை அழுது உதைக்கும், அம்மாவுக்கு மனசு கேட்காது, பாட்டி "போதும் விடுங்க" என்பார். அவசரப்பட்டு ஒரு சென்டிமீட்டர் தப்பாக எடுத்தால், வளர்ச்சி குன்றிய குழந்தை நன்றாக வளர்ந்த குழந்தையாகக் கணக்கில் ஏறிவிடும். அதனால்தான் இரண்டு தடவை எடுக்கிறார்கள், வித்தியாசம் இருந்தால் மூன்றாவது தடவையும் எடுக்கிறார்கள். கைச் சுற்றளவுக்கு ஒரு வண்ணப் பட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. அந்தக் குழந்தையை எழுதிக்கொண்டு போனால் மட்டும் போதாது, அன்றைக்கே சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

இப்போது உங்கள் கஸ்பாவுக்கே வருகிறேன். 2002–03இல் கஸ்பா, சின்னல்லாபுரம், ராம்நாயக்கன்பாளையம் ஆகிய மூன்று பகுதிகளில் பிறந்த 452 குழந்தைகளை மருத்துவர் ககன்தீப் காங் தலைமையிலான சி.எம்.சி. ஆராய்ச்சிக் குழு தொடர்ந்தது. பீடி சுற்றும் குடும்பங்கள் நிறைந்த தெருக்கள் அவை. வாரம் இரண்டு தடவை களப்பணியாளர் வீட்டுக்கு வருவார், பேதி இருக்கிறதா என்று கேட்பார். பேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மல மாதிரி எடுத்துப் போவார். மூன்று வருடம் இப்படி. 373 குழந்தைகள் கடைசி வரை இருந்தார்கள். ஒரு அம்மா எத்தனை தடவை சலித்துக்கொண்டிருப்பார், எத்தனை தடவை பொறுத்துக்கொண்டு டப்பாவை எடுத்துக் கொடுத்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் மதிப்பு அந்த அம்மாக்கள் மீதுதான்.

அவர்கள் தேடியது ரோட்டா வைரஸ். குழந்தைகளின் கடும் பேதிக்கு அன்று அதுவே முக்கியக் காரணம். மெக்சிகோவில் முன்பே நடந்த ஒரு ஆய்வில், இரண்டு தடவை இயற்கையாகத் தொற்று வந்துபோன குழந்தைக்கு மறுபடி கடுமையாக வருவதே இல்லை என்று கண்டிருந்தார்கள். தடுப்பூசி நிறுவனங்களின் நம்பிக்கையும் அதை ஒட்டியே இருந்தது. நம் தெருக்களில் கதை வேறு. மூன்று தடவை வந்துபோன பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். 2011இல் இது வெளியானது. சாக்கடை ஓரம், நெரிசல், கிருமி நிறைந்த தண்ணீர், பலவீனமான குடல் என்று வளரும் குழந்தைக்கு, பணக்கார நாட்டில் கிடைத்த தடுப்பூசிப் பலன் அப்படியே கிடைக்காது என்பதற்கு இது ஒரு முன்னெச்சரிக்கை. நம் ஊர்க் குழந்தைகளை வைத்துத்தான் நம் ஊருக்கான மருந்தைச் சோதிக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது.

அப்படியே நடந்தது. இந்தியாவில் உருவான ரோட்டாவேக் சொட்டு மருந்து டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. ரோட்டா வைரஸால் வரும் கடும் பேதியை ஏறக்குறைய 55 சதவீதம் தடுத்தது. இந்த எண் சிறியதாகத் தெரியலாம். ஆனால் நோய் அதிகம் இருக்கும் நாட்டில் பாதியைத் தடுத்தாலே காப்பாற்றப்படும் குழந்தைகள் ஏராளம். 2016இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து சேர்ந்தது, 2017இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. உங்கள் அக்கா குழந்தைக்கு ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் வாயில் சொட்டு போட்டிருப்பார்கள். அந்தச் சொட்டுக்குப் பின்னால் உங்கள் பக்கத்துத் தெருக் குழந்தைகள் இருக்கிறார்கள். இன்று அவர்களுக்கு இருபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். உங்கள் கல்லூரியிலேயே சிலர் படித்துக்கொண்டிருக்கலாம், தாங்கள் யார் என்று தெரியாமலே.

இதற்கு அடுத்ததாக எட்டு நாடுகளில் ஒரே நேரத்தில் நடந்த இன்னொரு ஆய்வுக்கும் வேலூர் ஓர் இடம். வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான், பிரேசில், பெரு, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகியவை மற்றவை. பேதியே இல்லாதபோதும் குடலில் கிருமிகள் குடியிருந்தால் குழந்தை உண்ணும் உணவு உடம்பில் ஒட்டாது, வளர்ச்சி தடைப்படும் என்று அதில் தெரிந்தது. இதன் அர்த்தம், சத்துமாவு மட்டும் கொடுத்தால் போதாது, கழிவுநீரும் குடிநீரும் சரியாக வேண்டும் என்பது. சுகாதாரத் துறையின் இலக்கை நகராட்சிப் பொறியாளர்தான் முடித்துத் தர வேண்டியிருக்கிறது. ஆனால் இரண்டு துறைகளும் ஒரே மேசையில் உட்காருவது அபூர்வம்.

பள்ளி வயதைப் பற்றிச் சொல்ல நம் மாநிலத்தில் சத்துணவை விட்டால் வேறென்ன? காமராசர் 1956இல் தொடங்கியதும், எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் விரிவாக்கியதும் எல்லோருக்கும் தெரியும். அன்று பொருளாதாரம் படித்தவர்களில் பலர் இதை வீண்செலவு என்றார்கள். ஒரு வேளைச் சோற்றின் கணக்கை அந்த வருட வரவு செலவில் பார்த்தால் செலவு மட்டும்தான் தெரியும். 2021இல் வெளியான ஒரு ஆய்வு அதை வேறு விதமாகப் பார்த்தது. மாநிலங்கள் வெவ்வேறு காலத்தில் மதிய உணவைத் தொடங்கியதால், ஒரே வயதுப் பெண்களில் சிலருக்குப் பள்ளியில் சாப்பாடு கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பெண்கள் வளர்ந்து அம்மாவான பிறகு, அவர்கள் பெற்ற குழந்தைகளின் உயரத்தை ஒப்பிட்டார்கள். பள்ளியில் சாப்பிட்ட பெண்களின் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேலே இருந்தார்கள். சாப்பிட்டது ஒரு தலைமுறை, வளர்ந்தது அடுத்த தலைமுறை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்கும் எந்த அரசும் தன் காலத்துக்குள் இந்தப் பலனைக் கண்ணால் பார்க்க முடியாது. அதைப் பார்த்துச் சொல்லப் பல்கலைக்கழகம்தான் வேண்டியிருக்கிறது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கும் உண்மையான மதிப்பெண் கிடைக்க இன்னும் இருபது வருடம் ஆகும்.

பதின்வயதைப் பற்றிப் பேசக் கொஞ்சம் கனமாக இருக்கிறது. கணியம்பாடி ஒன்றியத்தில் சி.எம்.சி.யின் சமுதாய மருத்துவப் பிரிவு பல ஆண்டுகளாக ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்கிறது. யாராவது இறந்தால் சுகாதாரப் பணியாளர் அந்த வீட்டுக்குப் போய், துக்கம் ஓரளவு தணிந்த பிறகு உட்கார்ந்து பேசி, என்ன நடந்தது என்று கேட்டு எழுதுகிறார். காவல் நிலையப் பதிவில் "வயிற்று வலி" என்று இருப்பது இந்த உரையாடலில் வேறாகத் தெரியும். 1992 முதல் 2001 வரையிலான பதிவுகளை வைத்து 2004இல் வந்த கட்டுரை நாட்டையே உலுக்கியது. 10 முதல் 19 வயதுப் பெண்களில் வருடத்துக்கு லட்சத்தில் 148 பேர், பையன்களில் 58 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அந்த வயதுப் பெண்களின் மொத்த மரணங்களில் பாதிக்கு மேல் இதுதான். அரசுப் பதிவுகளை மட்டும் பார்த்திருந்தால் இது வெளியே வந்தே இருக்காது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் நிலையை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் பெரும்பாலும் மாற்றியதற்கு, கிராமங்களிலிருந்து வந்த இப்படிப்பட்ட உண்மைகளும் சேர்ந்தே வழி செய்தன என்று நான் நம்புகிறேன். உங்களுக்குத் தெரிந்த யாராவது அந்த மாதிரி மனநிலையில் இருந்தால் 104 அல்லது 14416 எண்ணில் பேசச் சொல்லுங்கள், பக்கத்தில் இருங்கள்.

நலம் என்றால் உடம்பு மட்டும்தானா? இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் வட ஆர்க்காட்டுக் கிராமங்களுக்கு வந்து, புதிய நெல் ரகங்கள் ஏழைகளை என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தார்கள். நிலமும் கிணறும் உள்ளவனுக்கே லாபம், கூலிக்காரனுக்கு ஒன்றும் இல்லை என்ற கவலை அப்போது வலுவாக இருந்தது. பத்து வருடம் கழித்துத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஒரு சர்வதேச உணவுக் கொள்கை நிறுவனமும் சேர்ந்து அதே கிராமங்களுக்கு மறுபடி போனபோது, சிறு விவசாயியின் வருமானமும் நிலமில்லாத கூலிக்காரரின் வருமானமும் உயர்ந்திருந்தன. தொண்ணூறுகளில் மூன்றாவது தடவை போனவர்கள், கிணறு வற்றிக்கொண்டே போவதையும் ஆழ்துளைப் போட்டியில் ஏழை விவசாயி கடனாளியாவதையும் எழுதினார்கள். மூன்று தடவையும் பொய் சொல்லவில்லை, மூன்று தடவையும் நிலைமை மாறியிருந்தது. ஒரே தடவை போய்விட்டு வந்து கொள்கை சொல்கிறவர்களை நான் அவ்வளவாக நம்பாததற்குக் காரணம் இதுதான்.

பாலாற்றுத் தோல் கழிவு விவகாரத்தில் ஆய்வு நேராக நீதிமன்றத்துக்கே போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தந்த தீர்ப்பு, சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எல்லோருக்கும் பாடம். அந்தத் தீர்ப்பிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு வருகிறது: தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35 ஆயிரம் ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிட லாயக்கற்றுப் போயிருந்தது. கண்ணீரை நீதிமன்றம் எழுதிக்கொள்ளாது, அளவை எழுதிக்கொள்ளும். ஆனாலும் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் வேலூர் மாவட்டத்துத் தோல் கழிவு பற்றி இழப்பீட்டுக்கும் கண்காணிப்புக்கும் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. கணக்கு சரியாக இருந்தால் மட்டும் ஆறு சுத்தமாகிவிடாது, அதைக் கையில் வைத்துக்கொண்டு விடாமல் கேட்கும் மக்களும் வேண்டும்.

உங்கள் பாட்டியிடம் ஒரு மணி நேரம் கேட்டார்களே, அதற்கும் காரணம் உண்டு. "இன்று என்ன கிழமை, இந்த மூன்று வார்த்தையைத் திருப்பிச் சொல்லுங்கள்" என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். ஞாபக மறதி நோயை "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுவது நம் பழக்கம். அதை நம் கிராமத்து, எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களிடமும் சரியாகக் கண்டுபிடிக்கும் கேள்விகளை உருவாக்கிய பன்னாட்டு ஆய்வில் வேலூர்க் கிராமங்களும் சேர்ந்திருந்தன. மறதி பற்றிக் கேட்பதோடு நிற்க மாட்டார்கள், யாருடன் இருக்கிறீர்கள், கையில் காசு இருக்கிறதா, பென்ஷன் வருகிறதா என்றும் கேட்பார்கள். முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டில் 2023இல் 1,200 ரூபாய் ஆனது. அதில் 60 முதல் 79 வயதுக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய், 2007இலும் அதே 200தான். விலைவாசி எங்கே போயிருக்கிறது என்று உங்கள் பாட்டியே சொல்வார். 2011 கணக்கெடுப்பிலேயே நம் மாநிலத்தில் பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். எழுபதுகளில் பிறந்த அந்த வேலூர்ப் பிள்ளைகளும் அடுத்த சில வருடங்களில் அந்த வரிசையில் வந்து நிற்பார்கள்.

சரி, குறைக்கு வருகிறேன்.

முதல் குறை, 1969–73இல் பதிவான பத்தாயிரம் பேர் ஏன் 2,218 ஆனார்கள் என்பது. சிலர் இறந்தார்கள், சிலர் பெங்களூர், சென்னை, வளைகுடா என்று பிழைப்புக்குப் போனார்கள், பெண்கள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனார்கள். அம்மா வீட்டில் கேட்டு, மாமியார் வீட்டு விலாசம் வாங்கி, அங்கே போனால் குடும்பமே வேறு ஊருக்குப் போயிருக்கும். ஒரே பெயர், ஒரே இனிஷியல், பிறந்த தேதி "ஆடிப் பெருக்குக்கு முந்தின வாரம்" என்று இருந்தால் இவர்தான் அவர் என்று எப்படி உறுதி செய்வது? கிடைத்தவர்களை மட்டும் வைத்து முடிவு சொல்லும்போது, இடம்பெயர்ந்த ஏழைகளின் வாழ்க்கை விட்டுப்போகிறது. நல்ல ஆய்வாளர்கள் கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் ஒப்பிட்டு அந்தக் குறையைக் கட்டுரையிலேயே சொல்கிறார்கள். அதைப் படித்துக் கொள்கை வகுப்பவர்கள் பல சமயம் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இரண்டாவது, நான் தொடக்கத்தில் சொன்னது. முடிவுகள் ஆங்கிலத்தில், வெளிநாட்டு இதழில், பணம் கட்டினால்தான் படிக்க முடியும் என்ற நிலையில் வெளியாகின்றன. மூன்று வருடம் மாதிரி கொடுத்த அம்மாவுக்கு, "உங்க பிள்ளையால இது தெரிஞ்சது" என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க எவ்வளவு செலவாகும்? தெருவில் ஒரு கூட்டம் போட்டு, நாற்காலி போட்டு, டீ கொடுத்துச் சொல்ல எவ்வளவு செலவாகும்? சில குழுக்கள் செய்கின்றன. எல்லாக் குழுக்களும் செய்தாக வேண்டும், ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும்போதே அதற்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் கேட்ட கேள்வியே எழுந்திருக்கக் கூடாது. அம்மா காலத்திலேயே உங்கள் வீட்டில் பதில் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த தடவை வீட்டுக்கு வந்தால் தயங்காமல் கேளுங்கள்: எந்த நிறுவனம், யார் பணம், நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா, ரத்தம் எடுத்தால் எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், பரிசோதனை முடிவை எங்களுக்குத் தருவீர்களா, ஆய்வின் முடிவை எப்போது வந்து சொல்வீர்கள். தமிழில் எழுதிய தகவல் தாளின் ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. வேண்டாம் என்றால் எந்த நேரத்திலும் விலகலாம், அதனால் வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை எதுவும் நிற்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம், பெற்றோர் சம்மதித்தாலும், தனியாக அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும். பாட்டிக்குக் களைப்பாக இருந்தால் பாதியில் நிறுத்தி இன்னொரு நாள் வரச் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த வேலைக்குப் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். களப்பணியாளர் சம்பளம் பெரிதாக இருக்காது, திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டே சேருங்கள். ஒன்றிரண்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கிய பிறகு மேலே படித்தால், வகுப்பில் மற்றவர்களுக்குப் புரியாதது உங்களுக்குப் புரியும். கணக்கில் ஆர்வம் இருந்தால் உயிரியல் புள்ளியியல் படிக்கலாம், சி.எம்.சி.யிலேயே முதுகலைப் படிப்பு இருக்கிறது. மக்களோடு வேலை செய்யப் பிடித்திருந்தால் சமூகப் பணி, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியில் உண்டு. மக்கள்தொகை ஆய்வுக்கு மும்பையில் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் (ஐ.ஐ.பி.எஸ்.), பொதுச் சுகாதாரத்துக்குச் சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், பொருளாதாரக் கொள்கையில் முனைவர் பட்டத்துக்கு அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் (எம்.ஐ.டி.எஸ்.) இருக்கின்றன. இப்போதைக்குப் புள்ளியியலில் ஒரு தாள், கணினியில் ஆர் என்ற இலவச மென்பொருள், இந்த இரண்டையும் தொடங்கிவிடுங்கள். அக்காவிடம் குழந்தையின் தடுப்பூசி அட்டையை வாங்கி, பிறந்த எடை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிரசவமான மருத்துவமனைக்கே போய்க் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள்.